வயதானவர்கள் கீழே விழுவது பற்றி: குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயதானவர்களை எழுப்பி, நிற்கவைத்து, மறுபடி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் வேலை என்னுடையது. பெரும்பாலான வீடுகளில் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பதில் தெரியாததால் சில வீடுகளில் தேவையில்லாத பயம், சில வீடுகளில் ஆபத்தான அலட்சியம். அதனால், என்னிடம் கேட்கப்பட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

வயசானா விழறது சகஜம்தானே? இதை ஏன் இவ்வளவு பெரிசா எடுத்துக்கணும்?

அடிக்கடி நடக்கிறது என்பது உண்மை. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார். ஆனால் அடிக்கடி நடக்கிறது என்பதாலேயே அதற்குக் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. கால் தசை இளைத்திருக்கலாம், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம், கண்ணில் புரை இருக்கலாம், புதிதாக ஆரம்பித்த மாத்திரை மயக்கத்தைக் கொடுக்கலாம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துதான் ஆளைத் தள்ளுகின்றன. ஒன்றைச் சரிசெய்தாலே ஆபத்து குறையும்.

ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். அதனால் அடிபடாத விழுகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அடிபடவில்லை என்றால், காரணத்தைத் தேட நமக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

விழுந்தவுடனே முதல்ல என்ன செய்யணும்? தூக்கி உட்கார வைக்கலாமா?

பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. அது வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் அது விலகிவிடும், தோள்மூட்டு பிசகும், தூக்குபவரின் முதுகும் போகும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறாரா, எங்கே வலி, தலையில் பட்டதா, கை கால்களை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். கழுத்திலோ இடுப்பிலோ கடும் வலி என்றால், மயங்கிக் கிடந்தால், ஒரு பக்கக் கை கால் வரவில்லை என்றால் அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு போர்வை போர்த்தி விடுங்கள், தரையில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

எல்லாம் சரியாக இருந்தால் அவராகவே எழ உதவுங்கள். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். அப்புறம் முழங்கையை ஊன்றி, கையை ஊன்றி, நான்கு கால் நிலைக்கு வரட்டும். முன்னால் ஒரு கனமான நாற்காலியைக் கொண்டுவந்து வையுங்கள். இரண்டு கைகளையும் அதன் இருக்கையில் வைத்து, பலமான காலின் பாதத்தைத் தரையில் ஊன்றி, மற்றக் காலால் முழங்காலிட்டபடி இருக்கட்டும். அங்கிருந்து கைகளால் அழுத்தி எழும்போது, நீங்கள் இன்னொரு நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வையுங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த நிலையிலேயே நிற்கட்டும். இதில் அவசரம் கூடாது.

எழுந்து நாலு அடி நடந்துட்டாரே, அப்போ எலும்பு உடையலன்னுதானே அர்த்தம்?

இல்லை. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, நிற்கவே முடியாமல் இருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஆனால் முறிந்த துண்டுகள் விலகாமல் ஒன்றோடொன்று செருகிக்கொண்டிருந்தால் சிலர் வலியோடு நடந்துவிடுவார்கள். தொடை இடுக்கில் வலி, சில சமயம் முழங்காலில் மட்டும் வலி. இரண்டு நாள் கழித்து அது விலகி, ஆள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

காலை ஊன்றும்போது இடுக்கில் வலி என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால், எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் தேவையா என்று கேட்கத் தயங்க வேண்டாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவுகள் உண்டு.

தலையில லேசாத்தான் பட்டது, நல்லாத்தான் பேசறார். ஸ்கேன் எல்லாம் தேவையா?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், க்ளோபிடோக்ரெல் போன்ற எதையாவது எடுத்துக்கொள்பவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

இந்த மாத்திரைகள் எடுக்காதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் அவை கிழிந்து ரத்தம் மெதுவாகச் சேரலாம். தலைவலி, தூக்கக் கலக்கம், நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் எல்லாம் சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம். அதற்குள் விழுந்ததையே வீட்டில் மறந்துபோயிருப்பார்கள். விழுந்த தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். 'திடீர்னு ஒரு மாதிரி ஆயிட்டார்' என்று தோன்றும் நாளில் அது உதவும்.

எழுந்தா தலை சுத்துதுங்கறார். இது பிபியா, காதா?

எப்போது சுற்றுகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது, அறையே சுழல்வதுபோல் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வந்து நின்றால், உள்காதில் உள்ள நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எப்ளி முறை என்று ஒன்று உண்டு. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்புவது. தெரிந்தவர் செய்தால் பலருக்கும் ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை எடுக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். வீட்டு மெஷினிலேயே பார்க்கலாம், பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். தண்ணீர் குறைவாகக் குடிப்பது, நீர் பிரியும் மாத்திரை, பிபி மாத்திரையின் அளவு, நீண்டகாலச் சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 'எப்படி விழுந்தேன்னே தெரியல, கண்ணைத் தொறந்தா தரையில கெடக்கறேன்' என்று சொன்னால், இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எந்த மாத்திரையால விழுவாங்க?

முதலில் தூக்க மாத்திரைகள். டயஸெபாம், அல்ப்ரஸோலாம், லோரஸெபாம், ஜோல்பிடெம் எல்லாமே. இரவு சாப்பிட்டதன் மந்தம் அதிகாலையில் கழிவறைக்குப் போகும்போதும் இருக்கும். அடுத்து, சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாக வாங்கிச் சாப்பிடும் குளோர்ஃபெனிரமின் போன்றவை. யாரும் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை, அதனால் மருத்துவரிடமும் சொல்வதில்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், புராஸ்டேட் தொந்தரவுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், பல பிபி மாத்திரைகள் ஆகியவை மேலே சொன்னபடி நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடியவை.

நாமாக நிறுத்தக் கூடாது. முக்கியமாகத் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம்; வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் சொந்தமாக வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய், 'இதுல எதெல்லாம் இன்னும் தேவை?' என்று கேளுங்கள். என் அனுபவத்தில், விழுந்து எழுந்த ஒருவருக்குக் குடும்பம் செய்யும் மிகப் பெரிய உதவி இந்த ஒரு கேள்விதான்.

வீட்டுல எதை மாத்தணும்? எல்லாத்தையும் மாத்த வசதியில்லை.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரை உள்ள வழியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அந்த வழியில் நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள். மடங்கும் மிதியடி, குறுக்கே போகும் ஒயர், தெரியாத வாசற்படி எல்லாம் அப்போது புலப்படும். படுக்கையிலிருந்தே கை எட்டும் விளக்கு, படியின் ஓரத்தில் பளிச்சென்ற நிறப்பட்டை, கமோடு பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் துளையிட்டுப் பதித்த கைப்பிடிக் கம்பி. துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. அவசரத்தில் அதைத்தான் பிடிப்பார்கள்.

அவர் நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கட்டில் விளிம்பு, மேசை மூலை, நாற்காலி முதுகு, கதவு நிலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை தாவித் தாவிப் போகிறதா? சுவரில் ஒரே உயரத்தில் விரல் அழுக்கு படிந்து கோடு தெரிகிறதா? அந்த இடத்தில்தான் கம்பி வேண்டும். அவருடைய கையே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறது.

வழுக்கும் காலுறையோடு நடப்பதும், பின்பட்டை இல்லாத தளர்ந்த செருப்பும் வேண்டாம். தூரம், கிட்டம் இரண்டும் ஒரே கண்ணாடியில் இருந்தால் படி இறங்கும்போது கீழே பார்க்கும் பகுதி மங்கலாகத் தெரியும். படி ஏறி இறங்குவதற்கும் வெளியில் போவதற்கும் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி நல்லது. கண்புரை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்து போறாங்க. தண்ணியைக் குறைக்கலாமா?

மொத்தமாகக் குறைத்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் மட்டும் குறையுங்கள். பகலில் நன்றாகக் குடிக்கட்டும். பகல் முழுக்கக் காலில் தேங்கும் நீர் படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக வரும், அதனால் கால் வீக்கம் உள்ளவர்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுப்பது உதவும். நீர் பிரியும் மாத்திரையின் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எழ முடியாத இரவுகளுக்குக் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கைத்தடி வாங்கிக் கொடுத்தாச்சு, அது போதும்ல?

தடியின் உயரம் சரியாக இருந்தால்தான். காலணி போட்டு, கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலி என்றால் இடது கையில். அனேகமாக எல்லோரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான காலும் தடியும் முதலில். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் தள்ளாடுபவருக்குத் தடி போதாது, வாக்கர் வேண்டும்.

தினமும் நடக்கறாரே, அப்புறம் எதுக்குத் தனியா உடற்பயிற்சி?

நடப்பது இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் வெறும் நடை மட்டும் விழுவதைத் தடுப்பதாகப் பெரிதாக நிரூபணம் இல்லை. தடுப்பது சமநிலைப் பயிற்சியும் கால் தசைக்கான பயிற்சியும்தான். இவற்றை ஒழுங்காகச் செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. தாய் சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சியிலும் பலன் உண்டு. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் தசை வளரும்.

வீட்டில் தொடங்க இரண்டு போதும். ஒன்று, கையில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது. முடியாவிட்டால் கையை லேசாக ஊன்றலாம், அல்லது இருக்கையின் மேல் ஒரு கெட்டியான மெத்தை வைத்து உயரத்தைக் கூட்டலாம். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். தசைக்கு அங்கேதான் வேலை. இரண்டு, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகால் மற்றொன்றின் விரலைத் தொடும்படி நிற்பது. பிடிமானத்தை முழுக் கையிலிருந்து இரண்டு விரலுக்கு, பிறகு ஒரு விரலுக்குக் குறைத்துக்கொண்டே வரலாம். கொஞ்சம் கடினமாக இல்லாவிட்டால் சமநிலை முன்னேறாது. பலன் தெரிய மாதங்கள் ஆகும், நிறுத்தினால் போய்விடும்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு எளிய அளவு உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? 12 அல்லது அதற்கு மேல் என்றால் விழும் ஆபத்து அதிகம்.

கால்சியம், வைட்டமின் டி கொடுத்தா எலும்பு உடையாதுல்ல?

குறைபாடு இருந்தால் ஈடுசெய்ய வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதில் பலன் இல்லை. வருடத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வில் விழுவதும் முறிவும் அதிகமாகவே ஆயின. எலும்பு தேய்மானம் உள்ளவர்களுக்குத் தனி மருந்துகள் உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தது என்றால், அந்த மருந்து தேவையா என்று கேட்டாக வேண்டும். முறிவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு எலும்பைப் பற்றி யாரும் பேசாமல் விடுவது நிறைய நடக்கிறது.

விழுந்ததுல இருந்து அம்மா நாற்காலியை விட்டு எழவே மாட்டேங்கறாங்க. நாங்களும் 'பேசாம உக்காருங்க'ன்னு விட்டுட்டோம்.

பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அடுத்த விழுகைக்கு இதுவே வழி செய்கிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்தபோது கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்தது. பயத்தால் நடை குறையும், நடை குறைந்தால் தசை போகும், தசை போனால் உண்மையிலேயே விழுவார்கள்.

'ஒண்ணும் ஆகாது, நடங்க' என்று வற்புறுத்தினாலும் பயம் போகாது. எதைக் கண்டு பயம் என்று குறிப்பாகக் கேளுங்கள். பல பேருக்கு விழுவதைவிட, விழுந்தபின் எழ முடியாமல் கிடப்போமே என்பதுதான் பயம். அப்படியென்றால், மேலே இரண்டாவது பதிலில் சொன்ன எழும் முறையை மெத்தை விரித்துப் பழக்குங்கள். தரையிலிருந்து தானாக எழத் தெரிந்தவர் முகத்தில் வரும் தெம்பு, எந்த ஆறுதல் வார்த்தையாலும் வராது. அப்புறம் துணையோடு பத்து அடி, நாளைக்குப் பதினைந்து.

மாமனாருக்கு மறதி நோய். சொன்னது ஞாபகம் இல்லாம ராத்திரி எழுந்து நடக்கறார். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போடலாமா, கட்டி வைக்கலாமா?

கட்டி வைக்காதீர்கள். கட்டப்பட்டவர் முண்டுவார், குழம்புவார், தசையை இழப்பார், கட்டிலேயே கழுத்து சிக்கிய விபத்துகளும் உண்டு. தடுப்புக் கம்பியும் மறதி உள்ளவருக்கு ஆபத்தே; அதன்மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்துங்கள், பக்கத்தில் விளிம்பு தடுக்காத மெத்தை போடுங்கள், எழுந்தால் ஒலிக்கும் உணரிப் பாய் கிடைத்தால் வையுங்கள். எழுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர், வலி, பசி, குளிர். அவர் வழக்கமாக எழும் நேரம் தெரிந்தால், அதற்குக் கொஞ்சம் முன்பே நீங்களே எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போகலாம்.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடி, அதோடு விழுகையும் ஆரம்பித்தால் அது மறதி நோய் முற்றியது அல்ல. நோய்த்தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு, புது மாத்திரை, தலையில் ரத்தக்கசிவு என்று வேறு ஏதோ இருக்கிறது. அன்றே காட்டுங்கள்.

அப்பா தனியாத்தான் இருப்பேங்கறார். விழுந்ததைக்கூட மறைக்கறார். என்ன பண்றது?

மறைப்பது ஏன் என்று யோசித்தால் புரியும். 'இனிமே தனியா இருக்கக் கூடாது' என்ற தீர்ப்பு வரும் என்று தெரிந்துதான் மறைக்கிறார். விழுந்ததைச் சொன்னால் வீடு பறிபோகாது என்ற உறுதியை முதலில் கொடுங்கள். புத்தி தெளிவாக இருக்கும் ஒருவருக்குத் தன் ஆபத்தை எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை உண்டு. அது உங்களுக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும் சரி.

பேச வேண்டியது ஒரு விஷயம்: விழுந்தால் எவ்வளவு நேரத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே தசைச் சிதைவு, நீரிழப்பு, படுக்கைப்புண், உடல் குளிர்தல் என்று ஒவ்வொன்றாக வரும். கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசர அழைப்புப் பொத்தான், காலை மாலை குறித்த நேரத்தில் ஒரு போன், பக்கத்து வீட்டில் ஒரு சாவி. பொத்தானைக் குளிக்கும்போது கழற்றி வைத்தால் பயனில்லை. தண்ணீர் புகாததாக வாங்குங்கள்.

88 வயசு, இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. இந்த வயசுல ஆபரேஷன் வேணாம்னு விட்டுடலாமா?

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்த முறிவு தானாக ஒன்றுசேர வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். அந்தப் படுக்கையில்தான் நிமோனியா, ரத்தக்கட்டு, புண் எல்லாம் வருகின்றன. அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்கவைப்போம். முன்பு நடமாடிக்கொண்டிருந்தவர் என்றால், உடல்நிலை இடம் கொடுக்கும் பட்சத்தில் ஒன்றரை அல்லது இரண்டு நாளுக்குள் செய்வதே நல்லது. அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள விடாதீர்கள். தொடையில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். அறுவை செய்தாலும் ஆபத்து உண்டு: இந்த முறிவு வந்தவர்களில் நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறக்கிறார், பிழைப்பவர்களில் பலர் பழைய நடைக்கு முழுசாகத் திரும்புவதில்லை.

ஏற்கெனவே படுக்கையோடு இருந்து, வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. அங்கே அறுவையின் நோக்கம் வலியைக் குறைப்பது மட்டுமே. வலி நிவாரணச் சிகிச்சை மட்டும் போதும் என்று முடிவெடுப்பதும் கைவிடுவது ஆகாது. மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அறுவை செய்தால் அவர் எந்த அளவுக்கு நடப்பார், செய்யாவிட்டால் வலியை எப்படிச் சமாளிப்பீர்கள், இரண்டிலும் அடுத்த ஒரு மாதம் எப்படி இருக்கும்? பெரியவர் பேசும் நிலையில் இருந்தால், இந்தப் பேச்சு அவர் கட்டில் அருகிலேயே, அவரையும் வைத்துக்கொண்டு நடக்கட்டும்.